அடைத்த கதவும் அடையா வாயிலும்: எயிற்பட்டினக் கரையில் கொடையின் பொருள்

1. கேள்வி

சங்க இலக்கியத்தில் பசியைப் பேசும் இடங்கள் பல உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வரும் அடுக்களை அவற்றுள் தனித்து நிற்பது. கூரைக் கழிகள் இற்று விழுந்திருக்கின்றன. கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. ஈன்றணிய நாய் ஒன்று, கண் திறவாத குட்டிகள் பாலற்ற மடியைச் சப்புவதைப் பொறுக்கமாட்டாமல் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து வேகவைக்கிறாள். போட உப்பில்லை. வெந்ததைச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்ண உட்காரும்போது கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அறிவில்லாதவர்கள் பார்த்தால் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள் என்ற நாணம்.

சில பத்து அடிகள் தள்ளி, பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் வாயில் வருகிறது. பொருநர், புலவர், அந்தணர் ஆகியோருக்கு அந்த வாயில் அடைக்கப்படுவதே இல்லை. 269 அடிகள் கொண்ட ஒரே பாட்டுக்குள் நாணத்தால் சாத்திய கதவு ஒன்று, பெருமிதத்தால் திறந்து கிடக்கும் வாயில் ஒன்று. பாட்டை இயற்றிய நத்தத்தனார் இவ்விரண்டையும் தெரிந்தே வைத்தார் என்பது என் கருத்து.

கொடை பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டாவது வாயிலில் நின்றுவிடுகின்றன. வள்ளல் என்ன கொடுத்தான், ஏன் கொடுத்தான், கொடுத்ததால் அவனுக்கு என்ன கிட்டியது என்பவையே வழக்கமான கேள்விகள். முதல் கதவிலிருந்து புறப்பட்டால் கேள்வி வேறாகிறது. பெறுபவரின் நாணத்தைக் கொடை என்ன செய்கிறது? தீர்க்கிறதா, கூட்டுகிறதா, அல்லது இடம் மாற்றி இன்னொருவர் தலையில் ஏற்றுகிறதா? இக்கட்டுரை அந்தப் பாட்டில் தொடங்கி, அது பாடும் எயிற்பட்டினக் கரையில் இன்று வழங்கப்படும் மழைக்கால நிவாரணம்வரை இந்தக் கேள்வியைக் கொண்டுசெல்ல முயல்கிறது.

2. இடம்

நல்லியக்கோடன் ஆண்டது ஓய்மாநாடு. இன்றைய திண்டிவனம் வட்டாரத்தை ஒட்டிய நிலப்பகுதி அது. புறநானூற்றின் 176ஆம் பாட்டில் புறத்திணை நன்னாகனார் பாடுவதும் இவனைத்தான். பாணன் செல்லவேண்டிய வழியாகச் சிறுபாணாற்றுப்படை நான்கு ஊர்களைச் சொல்கிறது. எயிற்பட்டினம் கடற்கரையில் இருக்கிறது. அங்கிருந்து வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில். கிடங்கில் திண்டிவனத்தின் ஒரு பகுதியாகவே இன்றும் வழங்கிவருகிறது. ஆமூரை நல்லாமூர் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும் அடையாளப்படுத்துவது வழக்கம். எயிற்பட்டினம் மரக்காணமே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ கடல்வழிக் குறிப்பில் வரும் சோபட்மா துறைமுகத்தையும் பலர் இங்கேயே வைக்கிறார்கள்.

இந்த அடையாளங்களில் ஒன்றிரண்டு நாளை மாறலாம். கரையின் இயல்பு மாறப்போவதில்லை. மரக்காணத்தின் மேற்கிலும் தெற்கிலும் கழுவேலி பரந்து கிடக்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தின் பெரிய உவர்நீர் ஏரியாகச் சொல்லப்படும் இது, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரி கடலைத் தொடும் உப்பங்கழியின் ஓரங்களில் மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பேருந்து சன்னல் வழியாகப் பார்ப்பது வரப்போரத்தில் குவிந்த வெள்ளைக் குவியல்களைத்தான். அதற்கு முந்தைய வேலை கண்ணில் படுவதில்லை. பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தவேண்டும். உவர்நீரைப் பாய்ச்சி, வெயில் உறிஞ்சக் காத்திருந்து, பூத்த உப்பை நீண்ட காம்புள்ள பலகையால் இழுத்து ஒதுக்கவேண்டும். அதைக் கூடைகளில் அள்ளித் தலைச்சுமையாகக் கரையேற்றுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர் வாக்கில் நின்றுபோகும். மழைக்கு முன் குவியல்கள் ஓலை போர்த்திக்கொள்ளும். ஆட்களுக்கு வேலை இராது.

உப்பு விளையும் நாட்டை ஆண்டவனைப் பாடவந்த பாட்டில், வறுமையின் எல்லைக்கோடு உப்பில்லாத கீரையாக இருப்பதை இந்தப் பின்னணியில் படிக்கவேண்டும். கடற்கரைக்காரனுக்கு உப்பு மலிவு, மலைக்காரனுக்கு அரிது என்று நாம் நினைக்கிறோம். காசோ நெல்லோ இல்லாதவனுக்கு எல்லா நிலமும் ஒன்றுதான். உப்பு அன்றைக்கும் கொடைப்பொருளாக இருக்கவில்லை. பண்டமாற்றுப் பொருளாகவே இருந்தது. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் காட்டும் உமணர் மகள், நெல்லுக்கு நேராக உப்பைக் கூவி விற்கிறாள். உமணர்களின் வண்டிச் சாரையைப் பாடிய புலவர்கள் பலர். உமணருக்கு ஒருவன் வாரி வழங்கினான் என்று பாடியவர் எவரும் என் நினைவில் இல்லை.

3. வழியில் கிடைப்பதும் வாயிலில் கிடைப்பதும்

ஆற்றுப்படையின் கட்டமைப்பு எளிமையானது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பெறாதவனை வழியில் கண்டு, போகவேண்டிய திசையையும் அடையப்போகும் செல்வத்தையும் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் இந்தச் செல்வம் இரண்டு வகையாக வருகிறது. ஆய்வுகள் ஒன்றை மட்டுமே கொடை என்று எண்ணுகின்றன.

எயிற்பட்டினத்தில் பாணனுக்குக் கிடைப்பது பரதவர் ஊட்டும் பழைய தேறலும் சுட்ட உலர்ந்த குழல்மீனும். தேறலை அரித்து வைத்தவள் ஒரு நுளைமகள். வேலூரில் எயினர் பெண்கள் சமைத்த புளிச்சோறு, ஆமான் இறைச்சியோடு. ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும். கொடுப்பவர்களில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. யாரும் பாட்டுக் கேட்கவில்லை, புகழ் எதிர்பார்க்கவில்லை. அன்று அடுப்பில் என்ன இருந்ததோ அதில் ஒரு பங்கு. விருந்தினன் தகுதி என்ன என்று விசாரிப்பதும் இல்லை.

கிடங்கிலில் கிடைப்பது வேறு. அழுக்குத் துணி களைந்து மெல்லிய புத்தாடை. பீமனின் சமையல் நூல் முறைப்படி ஆக்கிய அடிசில். பொற்கலத்தில் பரிமாறி, அரசனே அருகில் நின்று உண்ணச்செய்கிறான். பிறகு எருது பூட்டிய தேர். இவற்றை நாள் கடத்தாமல் வந்த அன்றைக்கே தந்து அனுப்பிவைக்கிறான். காத்திருக்க வைப்பதே பாதி அவமானம் என்பதை அறிந்த அரசன். நின்று பரிமாறுவதிலும் அன்றே விடைகொடுப்பதிலும் பாணனின் நாணத்தைத் துடைக்கும் அக்கறை தெரிகிறது. புத்தாடையை உணவுக்கு முன் தருவதும் அப்படித்தான். கந்தலோடு யாரும் பந்தியில் உட்காரவேண்டியதில்லை.

ஆனால் இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாட்டு ஒளிக்கவில்லை. பகைவர் நிலத்தை வென்று, அரண்களை அழித்து, அங்கே எடுத்ததைக் கொண்டு பாணரின் துயர் தீர்க்கிறான் தலைவன். ஒரு கதவைத் திறக்க இன்னொரு கோட்டைக் கதவு உடைகிறது. சங்கப் பாடல்களை வீரயுகக் கவிதையாக 1968இல் ஆராய்ந்த க. கைலாசபதி தொட்டு, கொள்ளையும் கொடையும் ஒரே சுழற்சியின் இரு பாதிகள் என்ற புரிதல் தமிழாய்வில் வேரூன்றிவிட்டது. பாணர் புகழைத் தருகிறார். தலைவன் பொருளைத் தருகிறான். புகழ் படையைத் திரட்டுகிறது. படை பொருளைக் கொணர்கிறது. இந்த விளக்கத்தை மறுக்கச் சான்றில்லை. நுளைமகளின் தேறலை மட்டும் இது விளக்காது. அவளைப் பாட எந்தப் பாணனும் வரப்போவதில்லை. அவள் கொடுத்தாள்; அவன் குடித்தான்; வழி தொடர்ந்தது.

அடுக்களைக் காட்சிக்கு ஒருமுறை திரும்பினால் மூன்றாவது வகைக் கொடையும் தென்படுகிறது. உப்பில்லாத கீரையைக் கூட, சாத்திய கதவுக்குப் பின்னால், பெரிய சுற்றத்தோடு கூடித்தான் உண்கிறார்கள். பெறுபவர்கள் என்று நாம் எண்ணுகிறவர்களும் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள்தாம்.

4. நாணமற்ற பெறுநர்கள்

கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்திச் சொல்லும் இடமும் இதே பாட்டில்தான் இருக்கிறது. பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி என்ற எழுவர் தாங்கிய நுகத்தை நல்லியக்கோடன் ஒருவனே தாங்குகிறான் என்பது புலவர் கூற்று. இந்தப் பட்டியலைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர்கள் குறைவு. பேகன் மயிலுக்கு ஆடை போர்த்தினான். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். ஆய் தனக்குக் கிடைத்த அரிய ஆடையை ஆலமர்ந்த கடவுளுக்கு அளித்தான்.

மயில் நாணாது. முல்லைக் கொடி கையேந்தாது. கடவுள் கடன்படுவதில்லை. ஏழு வள்ளல்களில் மூவரின் புகழ்பெற்ற செயல், பெறுபவரின் மனநிலை என்ற சிக்கலே எழாத இடத்தில் நிகழ்ந்திருக்கிறது. இதைக் கொடைமடம் என்று உரைகாரர்கள் வியந்தார்கள். பிற்காலத்தார் சிலர் அஃறிணை மீதும் அன்பு என்று பாராட்டினார்கள். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. கொடையின் தூய வடிவத்தைக் கற்பனை செய்யப் புகுந்தபோது, நாணமுள்ள மனிதனை அந்தக் காட்சியிலிருந்து நீக்கவேண்டியிருந்தது.

மனிதர்களுக்கிடையில் அது எவ்வளவு கடினம் என்பதற்குப் புறநானூறே சாட்சி. அதியமானைக் காணச் சென்ற பெருஞ்சித்திரனாருக்கு அவன் நேரில் காணாமலேயே பரிசிலை அனுப்பிவைத்தான். 208ஆம் பாட்டில் புலவர் அதை மறுக்கிறார். தான் பரிசில் வாணிகன் அல்லன். தன்னை அறிந்து தருவது தினையளவே ஆனாலும் இனிது என்கிறார். முடமோசியார் 134ஆம் பாட்டில் ஆய் வள்ளலை, இம்மையில் கொடுத்து மறுமையில் பெறும் அறவாணிகன் அல்லன் என்று பாராட்டுகிறார். இரு பாட்டிலும் வாணிகம் என்பது வசைச்சொல். உமணரின் நேர்மையான பண்டமாற்றை மதித்த அதே சமூகம், கொடைக்குள் வாணிகம் நுழைவதை இழிவாகக் கண்டது.

பெருஞ்சித்திரனாரின் இன்னொரு பாட்டு, 163ஆவது, இந்த விவாதத்தில் உரிய கவனம் பெறவில்லை. வள்ளல் குமணன் தந்த செல்வத்தைக் கொண்டுவந்து மனைவியிடம் ஒப்படைத்து, எல்லோருக்கும் கொடு என்கிறார். யாருக்கெல்லாம் என்ற பட்டியலில், பசித்த நாட்களில் கைமாற்றாகக் கொடுத்து உதவியவர்களும் இருக்கிறார்கள். அளந்து வாங்கி அளந்தே திருப்பும் அண்டைவீட்டுக் கைமாற்று இது. குமணனுக்கு முன்னால் அந்தக் குடும்பத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் இவர்கள். குமணனின் பெயர் நிலைத்தது. இவர்களுடையது ஒரு தொடருக்குள் அடங்கிப்போனது.

திருவள்ளுவர் கைமாற்றைக் கொடையிலிருந்து கறாராகப் பிரிக்கிறார். வறியவருக்கு ஒன்றைத் தருவதே ஈகை, மற்றவை எல்லாம் திரும்ப வரும் என்று எதிர்பார்த்துத் தருபவை என்பது ஈகை அதிகாரத்தின் முதற்குறள். இந்த வரையறையின் கூர்மை மறுக்க முடியாதது. ஆனால் கூர்மைக்கு ஒரு விலை இருக்கிறது. திருப்பித் தர முடியாதவனுக்குத் தருவதே ஈகை என்றால், பெறுபவன் எப்போதும் திருப்பித் தர முடியாதவனாகவே வரையறுக்கப்படுகிறான். கைமாற்றில் இந்தக் குறை இல்லை. இன்று நான், நாளை நீ. அதனால்தான் அண்டைவீட்டில் ஒரு கிண்ணம் அரிசி கேட்கக் கூசாத நாக்கு, கடைத்தெரு மளிகையில் கடன் சொல்லக் கூசுகிறது.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட ‘கொடை’ பற்றிய நெடுங்கட்டுரை, திரும்பி வராத கொடை என ஒன்று இல்லை என்று வாதிட்டது. கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் மூன்றும் கடமைகள். காசியின் ஈமச்சடங்குப் புரோகிதர்களிடையே கள ஆய்வு செய்த ஜோனதன் பாரி, 1986இல் இதை எதிர்த்தார். அங்கே தானம் திரும்பக்கூடாது. அது கொடுத்தவரின் பாவத்தைச் சுமந்து செல்கிறது. வாங்குபவர் அந்தப் பாவத்தோடு திண்டாடுகிறார். இந்தியத் தானத்தைப் பற்றிய உலக ஆய்வுகள் பெரும்பாலும் இவ்விரு துருவங்களுக்கிடையில் ஊசலாடுகின்றன. எயிற்பட்டினத்து மீன்துண்டு இரண்டிலும் அடங்கவில்லை. அது திரும்பவும் இல்லை, பாவத்தைச் சுமக்கவும் இல்லை. அடுத்த வழிப்போக்கனுக்கு அடுத்த வீட்டில் கிடைக்கும் என்ற ஊரறிந்த ஏற்பாடு அது. பாணன் நன்றிக்கடன் படுவது ஒரு மனிதரிடம் அல்ல, ஒரு வழியிடம்.

5. சாவா மூவாப் பேராடு

சோழர் காலத்தில் கொடை கல்லில் ஏறியது. மரக்காணத்துப் பூமீசுவரர் கோயில் அந்தக் காலத்தது. சோழர் கல்வெட்டுகள் உள்ள கோயில். இந்தக் காலக் கொடைகளில் மிகப் பரவலானது நந்தாவிளக்கு. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளை ஒருவர் கோயிலுக்கு விடுவார். சில ஊர்களில் 90. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். கல்வெட்டுகள் அந்த ஆடுகளைச் சாவாதவை, மூவாதவை என்று சொல்கின்றன. கிடாவும் குட்டியுமாக மந்தை பெருகும், இறந்ததை ஈன்றது ஈடுகட்டும், எனவே முதல் குறையாது என்பது கணக்கு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரியும்.

இந்தக் கணக்கின் அழகை வரலாற்றாசிரியர்கள் நிறைய வியந்திருக்கிறார்கள். முதலை அழிக்காமல் வட்டியில் அறம் நடத்தும் ஏற்பாடு; இன்றைய அறக்கட்டளைகளின் மூதாதை. அர்ஜுன் அப்பாதுரையும் கேரல் பிரெக்கன்ரிட்ஜும் 1976இல் எழுதிய கட்டுரை, கோயிலுக்குச் சென்ற கொடை பரிவட்டமாகவும் பிரசாதமாகவும் முதல் மரியாதையாகவும் திரும்புவதை விளக்கியது. கொடுத்தவருக்குக் கல்லில் பெயர், கோயிலில் மரியாதை. இறைவன் பெறுபவர் என்பதால் நாணம் என்ற பேச்சே இல்லை. முல்லைக்குத் தேர் கொடுத்த மரபின் நிறுவன வடிவம் என்றே இதைச் சொல்லலாம்.

கல்வெட்டில் இன்னொருவர் இருக்கிறார். ஆடு சாகாது, மூக்காது. இடையர் இரண்டும் செய்வார். மழையில் மந்தை நோயுற்றாலும், பஞ்சத்தில் மேய்ச்சல் வறண்டாலும், உழக்கு நெய் குறையக்கூடாது. கடமை மகனுக்கும் பேரனுக்கும் இறங்குகிறது. ஒருவரின் பெருந்தன்மை இன்னொருவரின் பரம்பரை வேலையாக மாறும் இடம் இது. வேலைக்கு ஈடாக மந்தையின் பாலும் பெருக்கமும் இடையருக்குக் கிடைத்தன என்று வாதிடலாம், அது உண்மையும்கூட. சில இடையர்கள் இந்த ஏற்பாட்டால் வளம் பெற்றிருக்கலாம். ஆனாலும் மந்தையின் இழப்பு யார் தலையில் விழும் என்ற கேள்விக்குக் கல்வெட்டு தெளிவாகப் பதில் சொல்கிறது: கொடையாளி தலையில் அல்ல.

6. மரக்கிளையில் தொங்கிய பொட்டலம்

கொடுப்பவர் முகம் மறைவது எப்போதுமே அவமதிப்புதானா? அதியமான் காணாது அனுப்பிய பரிசைப் பெருஞ்சித்திரனார் மறுத்ததை அளவுகோலாகக் கொண்டால் ஆம் என்று சொல்லத் தோன்றும். இந்தக் கரையின் தென்கோடியில், வேதாரண்யத்தில், 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது நடந்தது அதை மாற்றி யோசிக்க வைக்கிறது.

ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு சத்தியாகிரகிகள் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தோர்ன், இவர்களுக்கு உணவோ இடமோ தருபவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று எச்சரிக்கை விடுத்தார். கும்பகோணத்தில் இடமளித்த பந்துலு ஐயர் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகும் வழியெங்கும் சோறு கிடைத்தது. சாலையோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடே. சோறு கட்டிப் பழகிய கைகள் விடியுமுன் அதை முடித்துவிட்டுப் போயிருந்தன.

இங்கேயும் கொடுத்தவர் பெறுபவரைக் காணவில்லை. ஆனால் அதியமானிடம் காணாமை அலட்சியம்; இங்கே அது ஆபத்தின் விளைவு. இழப்பதற்கு அதிகம் இருந்தது கொடுத்தவரிடம்தான். எயிற்பட்டின வழியின் பெயரற்ற விருந்தோம்பல் இருபதாம் நூற்றாண்டில், அதுவும் உப்பைக் காரணமாகக் கொண்டு, ஒருமுறை வெளிப்பட்டது என்று இதைப் படிக்க இடமிருக்கிறது. ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்கவேண்டாம். பாணர் பிழைப்புக்காக நடந்தார்கள், இவர்கள் அரசியலுக்காக. ஆனால் இரு வழிகளிலும், வாங்கிய கை தாழவில்லை.

2015 சென்னை வெள்ளத்தின்போது நிவாரணப் பொட்டலங்களில் அன்றைய முதல்வரின் படம் ஒட்டப்பட்டதும், தன்னார்வலர்கள் கொண்டுவந்தவற்றிலும் ஒட்டச்சொல்லி வற்புறுத்தல் நடந்ததாக எழுந்த புகார்களும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. கல்வெட்டு ஒட்டுத்தாளாகச் சுருங்கிவிட்டது என்று அப்போது ஒரு நண்பர் சொன்னார். கல்வெட்டுக்குச் சற்று அநியாயமான பேச்சுத்தான். அது குறைந்தபட்சம் விளக்கெரிய ஏற்பாடு செய்தது.

7. நிவாரணம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மரக்காணத்து மீனவக் குப்பங்களையும் தாக்கியது. அதன்பின் தமிழகக் கரைக்கு வந்து குவிந்த உதவியின் அளவு முன்னெப்போதும் இல்லாதது. நாகப்பட்டினச் சாலையோரங்களில் பழைய துணிகள் மலையாகக் கிடந்த படங்களை அன்றைய நாளிதழ்கள் வெளியிட்டன. வாங்க ஆளில்லாமல் மழையில் நனைந்து மக்கிய துணிகள். கொடுத்தவர்கள் மனமுவந்துதான் கொடுத்தார்கள். உடுத்திக் கழித்ததைப் பிறர் உடுத்துவார்கள் என்று நினைத்தார்கள். கடலை இழந்தாலும் மானத்தை இழக்காத மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. நல்லியக்கோடன் முதலில் கந்தலைக் களைந்துவிட்டுப் புத்தாடை தந்ததன் காரணத்தை உரைகளைவிட அந்தக் குவியல் நன்றாக விளக்கியது.

இன்னொரு பாடமும் அப்போதே வெளிப்பட்டது. படகு, வலை, எஞ்சின் என்று உதவி மீன்பிடித் தொழிலைச் சுற்றியே குவிந்தது. அதே கரையில் உப்பளத்தில் கூலிக்கு நின்றவர்கள், இறால் பொறுக்கிய இருளர்கள், கரையோரத் தலித் குடியிருப்புகள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றன. அவர்களிடம் அலை எடுத்துப்போகப் படகு இல்லை. இழந்ததைக் காட்ட முடியாதவர் பெறத் தகுதியற்றவர் ஆகிவிட்டார். வாயில் திறந்திருந்தது; ஆனால் அடையா வாயிலின் பட்டியலில் பொருநரும் புலவரும் அந்தணரும் இருந்ததைப் போல, இங்கேயும் ஒரு பட்டியல் இருந்தது.

தகுதி என்ற சொல்லின் கசப்பை 2023 மே மாதம் மரக்காணம் இன்னும் நேரடியாக அறிந்தது. எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. குடித்துச் செத்தவனுக்கு வரிப்பணமா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது, நீதிமன்றம்வரை போனது. பாத்திரமறிந்து பிச்சையிடு என்ற பழமொழி எத்தனை வாய்களில் அன்று புரண்டது! பணம் சென்றது கைம்பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். பழி அவர்கள் வீட்டு வாசலுக்கும் சேர்ந்தே வந்தது. சாராயத்தைத் தடுக்கவேண்டியவர்கள் தடுக்கத் தவறியதற்கான ஈடு அது என்று பார்த்தால் இழப்பீடு. இரக்கத்தால் தந்தது என்று பார்த்தால் பிச்சை. ஒரே தொகையை இப்படி இருவிதமாகப் பேச முடிந்தது. பேசியவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். வாங்கியவர்களின் நாணத்தைத் தீர்மானித்தது தொகை அல்ல, அந்தத் தேர்வு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மரக்காணத்துக்கு உள்நாட்டில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. வெள்ளம் பார்க்கவந்த அமைச்சர்மீது இருவேல்பட்டில் சேறு வீசப்பட்டது. அதை அநாகரிகம் என்று கண்டித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நாணம் அன்று பக்கம் மாறியிருந்தது. தாமதமாக வந்தவரே தலைகுனியவேண்டியவர் என்று சனங்கள் முடிவுசெய்திருந்தார்கள். வந்த அன்றைக்கே கொடுத்தனுப்பிய அரசனைப் பாடிய மண்டலம் அது.

8. மழைக்கால மூன்று மாதம்

உப்பளத் தொழிலாளர்களுக்கென்று ஒரு கொடை முதன்முறையாக வந்தது மிக அண்மையில்தான். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வேலையற்றிருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. 2022 மார்ச்சில் தூத்துக்குடியில் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் ‘நெய்தல் உப்பு’ம் அதே காலத்தில் சந்தைக்கு வந்தது. மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவர்கள் பல ஆண்டுகளாக நிவாரணம் பெற்றுவந்த நிலையில், பக்கத்துப் பாத்தியில் நின்றவர்களுக்கு இது தாமதமாக வந்த அங்கீகாரம். குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. மழையில் அடுப்பு எரிவது சிறிய செய்தி அல்ல.

பெறுவோர் யார் என்பதில் பழைய சிக்கல் தொடர்கிறது. நல வாரியப் பதிவு முதலிய ஆவணங்கள் கையில் இருக்கவேண்டும். உப்பள வேலையோ நிலையானது அல்ல. இந்த ஆண்டு ஒருவர் பாத்தி, அடுத்த ஆண்டு இன்னொருவருடையது. இடையில் நடவு, களையெடுப்பு, கட்டட வேலை. பெண்கள் பலர் கணவரின் பெயரில் கூலிக்கணக்கில் ஏறுபவர்கள். தான் உப்பளத் தொழிலாளி என்பதைக் காகிதத்தில் மெய்ப்பிக்கவேண்டிய கட்டாயம், உள்ளங்கால் வெடிப்பைக் காட்டினால் தீராது.

ஆனால் என் முதன்மையான ஐயம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த 5,000 ரூபாய் யாருக்குக் கொடுக்கப்படுகிறது? தொழிலாளிக்கு என்பது வெளிப்படையான விடை. இடையரின் உழக்கு நெய்யைப் பார்த்த கண்ணோடு பார்த்தால் இன்னொரு விடையும் தெரியும். உப்பளம் ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே ஓடும் தொழில். தொடங்கும் நாளில் பாத்தி மிதிக்கப் பழகிய கால்கள் ஊரில் இருக்கவேண்டும். அவை சென்னைக்கோ திருப்பூருக்கோ போய்விட்டால் தொழில் படுத்துவிடும். மழைக்காலத்தில் அந்த ஆட்களை ஊரில் பிடித்துவைக்கும் செலவை அளத்துக்காரர் ஒரு காலத்தில் முன்பணமாகத் தந்து, சம்பளத்தில் கழித்துக்கொண்டார். கடன்பட்டவர் வேறெங்கும் போகமாட்டார். இப்போது அந்தச் செலவின் ஒரு பகுதியைப் பொதுப்பணம் ஏற்றுக்கொள்கிறது. முன்பணத்தின் கட்டு தளர்ந்த அளவுக்கு இது தொழிலாளிக்கு நன்மை. சம்பளமற்ற மாதங்களுக்குத் தொழில் பொறுப்பேற்கவேண்டும் என்ற கோரிக்கை எழாமல் போகும் அளவுக்கு, இது அளத்துக்காரருக்கும் ஒரு கொடை. அவர் பெயர் எந்தப் பயனாளிப் பட்டியலிலும் இல்லை. வரிசையில் நிற்கவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. நிவாரணம் வாங்குபவர் என்று ஊர் சுட்டும் விரல், கூடை சுமந்த பெண்ணை நோக்கி மட்டுமே நீள்கிறது.